எந்த நண்டு, எந்தச் சட்டிக்கு? செட்டிநாட்டு நண்டுச் சமையலுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காரைக்குடிக்குக் கடல் இல்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலை மீன் கடைக்குப் போனால் நண்டுக் கூடை கண்ணில் படாமல் இருக்காது. தொண்டி, மீமிசல், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்று பாக் விரிகுடாவின் கரையூர்களில் இறங்கும் நண்டு ஐஸ் பெட்டியில் ஏறி தேவகோட்டை, காரைக்குடி, பள்ளத்தூர்ப் பக்கம் வந்து சேர்கிறது. கழிமுகத்து நண்டு கயிறு கட்டி உயிரோடு வரும். மழைக்காலத்தில் கண்மாய்க்கரையிலிருந்தும் வயலிலிருந்தும் இன்னொரு நண்டு வரும்.

இவற்றை எல்லாம் 'நண்டு' என்ற ஒரே பெயரில் வாங்கி, ஒரே மசாலாவில், ஒரே நேரக் கணக்கில் கொதிக்கவிடுவதுதான் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு. ஓடு மெல்லிய நண்டு அதற்குள் நார்நாராகிவிடும்; ஓடு தடித்த நண்டு உள்ளே வேகாமல் நிற்கும். முதலில் நண்டை அடையாளம் காண வேண்டும். மசாலா அதற்குப் பிறகு.

கூடையில் வருபவை

முதலில் கடைசி ஜோடிக் காலைப் பாருங்கள். நாம் சாப்பிடும் கடல் நண்டுகள் எல்லாமே நீந்தும் நண்டுகள். அவற்றின் கடைசிக் காலின் நுனி தட்டையாக, துடுப்பு மாதிரி இருக்கும். துடுப்பு இல்லாத கடல் நண்டு கூடையில் கிடந்தால் அதைத் தொடாமல் விடுங்கள். காரணம் கீழே வருகிறது.

நீலக்கால் நண்டு: பாக் விரிகுடாவின் முதன்மையான நண்டு இதுதான். அறிவியல் பெயர் போர்ட்டுனஸ் பெலாஜிகஸ். 2010இல் வெளிவந்த ஒரு வகைப்பாட்டு ஆய்வு இந்தப் பெயரில் இருந்ததை நான்கு இனங்களாகப் பிரித்தது. அடுப்பில் அவற்றுக்குள் வித்தியாசம் இல்லை. ஆணுக்கு நீலக் கால்களும் ஓட்டில் வெள்ளைப் புள்ளிக் கோலமும் இருக்கும். பெண் பச்சை கலந்த பழுப்பு நிறம். நீலம் இல்லையே என்று அதை வேறு நண்டாக நினைத்து ஒதுக்க வேண்டாம். ஓடு மெல்லியது, சதை வெள்ளையாக, இனிப்பாக இருக்கும். உதிர்த்த சதை வேண்டிய எல்லாப் பதார்த்தத்துக்கும் இதையே வாங்குங்கள். டப்பாவில் அடைத்து அமெரிக்காவுக்குப் போகும் நண்டுச் சதையும் இந்த நண்டிலிருந்து எடுப்பதுதான்.

மூணுகண் நண்டு: ஓட்டின் பின்பாதியில் வெள்ளை வளையத்துக்குள் மூன்று சிவப்புக் கரும்புள்ளிகள் இருக்கும். நீலக்காலைவிடச் சதை குறைவு, விலையும் குறைவு. சதை உதிர்த்தெடுக்க உட்கார்ந்தால் நேரம்தான் போகும். ஓட்டோடு குழம்பு வைக்கவும், உப்புக்கறிக்குத் தாளிப்பதுபோல வெறும் சின்ன வெங்காயம், பூண்டு, மிளகாய் வற்றலில் பிரட்டவும் இதைவிட நல்ல நண்டு கிடையாது.

சிலுவை நண்டு: செம்பழுப்பும் வெளிர்மஞ்சளும் கலந்த ஓட்டில் நடுவே சிலுவைக் குறி தெரியும். கடலில் விழுந்த சிலுவையை ஒரு நண்டு தூக்கிவந்து புனித சவேரியாரிடம் கொடுத்தது என்று இதைப் பற்றி ஒரு கதை உண்டு. கூடைக்கு ஒன்றிரண்டுதான் கலந்து வரும், கண்டால் விடாதீர்கள். கொடுக்கில் சதை கெட்டியாக இருக்கும். ஓடு தடிப்பு என்பதால் நீலக்காலைவிட 4 நிமிடம் கூடுதலாக வேக வேண்டும்.

நீளக்கண் நண்டு: கண்ணைத் தாங்கும் காம்பு ஓட்டின் அகலம் முழுவதற்கும் நீண்டு, ஒரு பள்ளத்தில் மடங்கிக் கிடக்கும். பார்க்க வினோதம், சாப்பிடலாம், சதை கொஞ்சம்தான். ரசத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

களிநண்டு: சேற்று நண்டு என்றும் சொல்வார்கள். அலையாத்திக் காடும் கழிமுகமும் இதன் வீடு. இரண்டு இனம் வருகிறது. பச்சைக் களிநண்டு பெரியது, 2 கிலோவையும் தாண்டும். கொடுக்குக்கு முந்திய கணுவின் வெளிப்பக்கம் கூர்மையான இரண்டு முள், கால்களில் வலைக்கண் மாதிரிக் கோலம். சிவப்புக் களிநண்டு சிறியது. கொடுக்கு செம்மஞ்சள் நிறம், அந்த முட்கள் மழுங்கியோ இல்லாமலோ இருக்கும். இதே குடும்பத்தில் இன்னோர் இனத்துக்கு 1798இல் ஃபேப்ரீசியஸ் நம் தரங்கம்பாடியின் பெயரையே வைத்தார்: சில்லா ட்ரான்குபாரிகா. களிநண்டின் சதை கனமானது. மிளகும் சோம்பும் தூக்கலாக இருக்கும் செட்டிநாட்டு மசாலாவுக்கு ஈடுகொடுத்து நிற்பது இதுதான்.

வயல் நண்டு: நன்னீர் நண்டு. உருண்டை ஓடு, துடுப்பு கிடையாது. சதைக்காக அல்ல, இடித்துப் பிழிந்த சாற்றுக்காக. ரசத்தில் இதற்குத் தனி இடம் உண்டு.

வெளியூர் நண்டுகள் பற்றியும் ஒரு வார்த்தை. நகரத்துக் குளிர்பதனக் கடைகளில் தென்படும் கிங் கிராப் கால்கள் உண்மையான நண்டினுடையவை அல்ல. அது துறவி நண்டின் உறவு. நடக்கும் கால் மூன்று ஜோடிதான் வெளியே தெரியும். பெரும்பாலும் வேகவைத்தே உறையவைப்பார்கள் என்பதால் ஆவியில் 5 நிமிடம் சூடாக்கினால் போதும். மசாலாவில் கொதிக்கவிட்டால் பணம் வீண். நிக்கோபார் தீவுகளில் தென்னை மரம் ஏறும் ராட்சத நண்டு வனவிலங்குச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. அதைப் பிடிப்பதே குற்றம்.

தொடக்கூடாதவை

மன்னார் வளைகுடா போன்ற பவளப்பாறைப் பகுதிகளில் அழகான, வழவழப்பான, முட்டை வடிவ நண்டுகள் உண்டு. செம்மஞ்சள் அல்லது செம்பழுப்பு ஓடு, சிலவற்றில் வெள்ளைப் பொட்டு, சிலவற்றில் பளிங்குத் தரை போன்ற கோலம், கொடுக்கின் நுனி கறுப்பு. கடைசிக் கால் துடுப்பாக இல்லாமல் மற்றக் கால்களைப் போலக் கூராக முடியும். இந்தக் குடும்பத்தில் சில இனங்களின் சதையில் சாக்ஸிடாக்சின், டெட்ரோடோடாக்சின் என்ற நஞ்சுகள் இருக்கின்றன. எவ்வளவு கொதிக்கவைத்தாலும் இவை அழியாது. மஞ்சளும் புளியும் இவற்றை முறிக்காது. மாற்று மருந்தும் கிடையாது. சாப்பிட்ட பிறகு உதடும் நாக்கும் மரத்தால் அடுத்த நிமிடமே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். மூச்சுத் தசைகள் செயலிழக்கும்போது செயற்கைச் சுவாசம்தான் உயிரைக் காக்கும்.

கறுத்த நுனியுள்ள எல்லா நண்டும் நஞ்சு என்பதில்லை. ஆனாலும் துடுப்பும் இல்லை, பெயரும் தெரியவில்லை என்றால் அது அடுப்படிக்கு வரக்கூடாது.

இறால் சாப்பிட்டு உடம்பு தடித்தவர்களுக்கு நண்டு கொடுக்க வேண்டாம். ஒவ்வாமை தரும் புரதம் இரண்டிலும் ஒன்றே. அதுவும் சூட்டில் அழியாதது.

வாங்கும்போது

கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்க வேண்டும். பிறகு திருப்பிப் போட்டு, அடிப்பக்க ஓட்டைக் கடைசிக் கால் தொடங்கும் இடத்தருகே கட்டைவிரலால் அழுத்துங்கள். கல் மாதிரி நின்றால் சதை நிரம்பியது. அமுங்கினால் அண்மையில் சட்டை உரித்த நண்டு. புது ஓட்டுக்குள் தண்ணீர்தான் இருக்கும். அதை 'தண்ணி நண்டு' என்பார்கள். அடிப்பாகம் பளிச்சென்று வெள்ளையாக இருப்பதைச் சுத்தம் என்று நம்பி வாங்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். கறை படிந்து மங்கிய, மேலே சின்னச் சிப்பிகூட ஒட்டியிருக்கும் ஓடு நெடுநாளாக உரிக்காத ஓடு. உள்ளே சதை நிறைந்திருக்கும்.

பௌர்ணமி நண்டில் சதை இருக்காது, அமாவாசை நண்டுதான் சதைப்பிடிப்பு என்று சொல்வதுண்டு. ஒரே கூடையில் இரண்டு விதமும் கிடக்கும் என்பதால் நிலவைப் பார்ப்பதைவிட ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பதே மேல்.

அடிவயிற்று மடல் குறுகலாக இருந்தால் ஆண், அகலமாக வட்டமாக இருந்தால் வளர்ந்த பெண். சதை வேண்டுமானால் ஆண், கொடுக்கு பெரிது. மடலுக்கு வெளியே பஞ்சுபோல முட்டைக் கொத்து தள்ளியிருக்கும் நண்டை வாங்காதீர்கள். ஒரு கொத்தில் லட்சக்கணக்கான குஞ்சுகள் அழிகின்றன. வாயிலும் அது மணல்போல நறநறக்கத்தான் செய்யும். ருசிக்கான சினை ஓட்டுக்கு உள்ளே இருப்பது.

கடல் நண்டு பெரும்பாலும் செத்து, ஐஸில்தான் வரும். பரவாயில்லை, கால் தொங்காமல், மூட்டில் கறுப்பு ஏறாமல், அமோனியா நெடி இல்லாமல் இருக்க வேண்டும். களிநண்டை உயிரோடு மட்டுமே வாங்குங்கள். நண்டு செத்ததும் அதன் ஈரல் சுரக்கும் நொதிகள் சொந்தச் சதையையே கரைக்கத் தொடங்கும்; சூட்டில் சில மணி நேரம் கிடந்தால் சதை கூழாகிவிடும். களிநண்டைக் கட்டியிருக்கும் கயிறு தடித்து ஈரமாக இருந்தால் அதன் எடைக்கும் சேர்த்தே காசு கொடுக்கிறீர்கள். அதை விலையில் கழித்துப் பேசுங்கள்.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. அந்த நாட்களில் வருவது நாட்டுப்படகின் நண்டு வலையில் பட்டது. அளவு குறைவாக வரும், விலை ஏறும். ஆனால் இழுவலையில் நசுங்காமல் கால் முழுசாக இருக்கும்.

சுத்தம் செய்தல்

1. உயிருள்ள களிநண்டைக் கயிறு அவிழ்க்காமல், ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் கலந்த வாளியில் முக்கால் மணி நேரம் வையுங்கள். மரத்து அசைவற்றுப் போகும். துடிக்கத் துடிக்கக் கொதிநீரில் போட்டால் தானே காலையும் கொடுக்கையும் உதறிவிடும். அந்த ஓட்டை வழியாகச் சாறு வெளியேறித் தண்ணீர் புகும். அது நண்டுக்கும் கொடுமை, சமையலுக்கும் கேடு.

2. அசைவு நின்றதும் அடிமடலைத் தூக்கி, அதன் அடியில் உள்ள குழியில் கூரான கம்பியை ஓட்டு மேல்வரை இறக்குங்கள். பிறகு கயிற்றை அவிழ்க்கலாம்.

3. பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். கால் இடுக்கில்தான் சேறு ஒளிந்திருக்கும்.

4. அடிமடலைப் பிய்த்தெறிந்து, பின்பக்க இடுக்கில் கட்டைவிரலைக் கொடுத்து மேலோட்டைத் திறங்கள். இரண்டு பக்கமும் சாம்பல் நிறத்தில் விரல்விரலாக நிற்பது செவுள். விஷம் இல்லை, ஆனால் மண்ணும் கசடும் அங்கேதான் வடிகட்டி நிற்கும். முழுவதும் எடுங்கள். கண்ணுக்குப் பின்னால் இருக்கும் சிறு பை இரைப்பை, அதையும் எடுங்கள்.

5. மஞ்சளாக வழிவது ஈரலும் கணையமும் சேர்ந்த உறுப்பு. சுவை அடர்ந்தது, கிண்ணத்தில் வழித்துவைத்து மசாலாவில் கடைசியில் சேர்க்கலாம். தண்ணீரில் உள்ள கன உலோகம் தங்குவதும் இதே இடத்தில்தான். கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் இது வேண்டாம்.

6. உடலை இரண்டாக வெட்டுங்கள். கொடுக்கை உலக்கையால் ஒரே ஒரு தட்டு. விரிசல் விட வேண்டும், நொறுங்கக் கூடாது. நொறுங்கினால் குழம்பு முழுக்க ஓட்டுத் துணுக்கு.

திறந்த நண்டைத் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள். இனிப்புச் சத்து எல்லாம் கரைந்து போகும். ஓடும் நீரில் ஒரு அலசல், ஒரு கிலோவுக்கு அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள், 5 நிமிடம். அதற்கு மேல் வேண்டாம்.

சதை உதிர்ப்பது

பொறுமை வேண்டிய வேலை இதுதான். நீலக்கால் நண்டு 1 கிலோ வாங்கினால் பழகிய கைக்கு ஏறக்குறைய 250 கிராம் சதை கிடைக்கும். முதல் தடவை 200 கிராம் வந்தாலே நல்லது. விருந்துக்கு வாங்கும்போது இந்தக் கணக்கை மறந்துவிடாதீர்கள்.

இட்லிப் பானையில் தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகே நண்டை வையுங்கள்; முழு நண்டாக, முதுகு கீழே இருக்கும்படி. சாறு ஓட்டுக்குள்ளேயே தங்கும். 150 முதல் 200 கிராம் நண்டுக்கு 12 நிமிடம். அரைக் கிலோக் களிநண்டுக்கு 18 நிமிடம், ஒரு கிலோவுக்கு 25. நண்டு சிவந்ததும் வெந்துவிட்டது என்று இறக்குகிறார்கள். ஓட்டில் ஒளிந்திருக்கும் சிவப்பு நிறமி புரதத்திலிருந்து விடுபடுவதால் வரும் நிறம் அது. சதை வேகும் முன்பே வந்துவிடும். அரைவேக்காட்டுச் சதையை எடுத்துவைத்தால் சற்று நேரத்தில் நீலம் கலந்த சாம்பல் நிறமாகும். நண்டின் ரத்தத்தில் இரும்புக்குப் பதில் செம்பு இருப்பதுதான் காரணம். துடுப்புக்காலின் வேரில் சதை பால்வெள்ளையாகி, ஓட்டை விட்டு விலகியிருந்தால் வெந்தது. பிரஷர் குக்கர் கூடாது. சதை ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

ஆறிய பிறகு பிரிட்ஜில் அரை மணி நேரம் வைத்தால் சதை இறுகி, பெரிய துண்டாக வரும். பிறகு மேலோட்டையும் செவுளையும் நீக்கி உடலை இரண்டாக ஒடியுங்கள். துடுப்புக்காலைப் பிடித்து மெல்ல ஆட்டிக்கொண்டே இழுத்தால் அதன் வேரில் கட்டைவிரல் பருமனில் ஒரு முழுச் சதைக் கட்டி கூடவே வரும். நண்டின் சிறந்த பகுதி அது. தனித் தட்டில் வையுங்கள். மற்றக் கால்களை அடியில் கத்தரித்து, உடலின் சிறு அறைகளை நடுவே குறுக்காகக் கத்தரிக்கோலால் திறந்து, குச்சியால் சதையைத் தள்ளுங்கள். மெல்லிய கால்களின் இரு நுனியையும் வெட்டிவிட்டு மேலே பூரிக்கட்டையை உருட்டினால் பற்பசைபோலச் சதை வெளியே வரும்.

ஓட்டுத் துணுக்கைக் கண்ணால் தேட முடியாது, இரண்டும் வெள்ளை. எவர்சில்வர் தட்டில் சதையைச் சிறிது சிறிதாக உதிர்த்துப் போடுங்கள். துணுக்கு விழுந்தால் 'டிங்' என்று சத்தம் கேட்கும். விரல்நுனியால் இன்னொரு முறை தடவிப் பாருங்கள். ஓடுகளைக் கொட்டிவிடாதீர்கள், ரசம் இருக்கிறது.

நண்டுப் பொடிமாஸ்

உதிர்த்த சதை 250 கிராம், பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் 150 கிராம், பூண்டு 6 பல், இஞ்சி 1 தேக்கரண்டி, பச்சை மிளகாய் 3, நல்லெண்ணெய் 3 மேசைக்கரண்டி, சோம்பு அரைத் தேக்கரண்டி, உளுத்தம்பருப்பு அரைத் தேக்கரண்டி, மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி, கொரகொரப்பான மிளகுத்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, தேங்காய்த் துருவல் 3 மேசைக்கரண்டி, கறிவேப்பிலை இரண்டு கொத்து.

சதையைக் கையில் மெதுவாகப் பிழிந்து சாற்றைத் தனியே வையுங்கள். பிழியாமல் போட்டால் பொடிமாஸ் உதிராமல் களியாகும். இருப்புச்சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் உளுந்து, சோம்பு, கறிவேப்பிலை தாளித்து, வெங்காயம், பூண்டு, இஞ்சி, மிளகாய் போட்டு மிதமான தீயில் 8 நிமிடம் வதக்குங்கள். மஞ்சள்தூளோடு, பிழிந்த சாற்றையும் இப்போது ஊற்றிச் சுண்டவிடுங்கள். சுவை வெங்காயத்தில் ஏறிவிடும். ஈரம் வற்றிய பிறகே சதை. வெந்த சதை என்பதால் 3 நிமிடம் போதும். கரண்டியால் குத்தாமல் அடியிலிருந்து புரட்டுங்கள். துடுப்புக்கால் கட்டிகளை இறக்கும் முன், தேங்காயோடும் மிளகோடும் சேர்த்துப் போடுங்கள். உப்பு கடைசியில், கடல் நண்டில் ஏற்கனவே உப்பு உண்டு, ருசி பார்த்துக் கால் தேக்கரண்டியிலிருந்து தொடங்குங்கள்.

சாம்பார் சாதத்துக்கும் ரசத்துக்கும் இது நல்ல வெஞ்சனம். மூணுகண் நண்டில் செய்தால் சதை இழையிழையாக வரும், ருசியில் குறை இல்லை.

களிநண்டு மசாலா

இரண்டு நண்டு, சேர்ந்து 1 கிலோ. நான்கு பேருக்கு.

வறுத்து அரைக்க: மிளகாய் வற்றல் 8, மல்லி 2 மேசைக்கரண்டி, மிளகு 2 தேக்கரண்டி, சோம்பு ஒன்றரைத் தேக்கரண்டி, சீரகம் 1 தேக்கரண்டி, கசகசா 1 தேக்கரண்டி, பட்டை ஒரு சிறு துண்டு, கிராம்பு 2, கல்பாசி நகக்கண் அளவு, தேங்காய்த் துருவல் அரைக் கப்.

வதக்க: நல்லெண்ணெய் 4 மேசைக்கரண்டி, சின்ன வெங்காயம் 200 கிராம், பூண்டு 10 பல், தக்காளி 150 கிராம், கறிவேப்பிலை, உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி.

மராட்டி மொக்கும் அன்னாசிப்பூவும் ஏன் இல்லை என்று கேட்கலாம். ஆட்டுக்கறியின் கொழுப்பு அவற்றைத் தாங்கும். நண்டில் அந்தக் கொழுப்பு இல்லை. அன்னாசிப்பூவின் வாசம் நண்டின் இனிப்பை மூடிவிடும். கல்பாசியும் நகக்கண் அளவைத் தாண்டினால் கசப்பு. செட்டிநாட்டுச் சமையல் என்றால் எல்லா வாசனைப் பொருளையும் கொட்டுவது என்ற நினைப்பால் கெட்டுப்போகும் நண்டு அதிகம். நண்டுக்கு முன்னால் நிற்க வேண்டியவை மிளகும் சோம்பும்தான்.

மல்லி, மிளகாயைச் சிறு தீயில் முதலில் வறுத்து, மற்றவற்றைச் சேர்த்து, கசகசாவையும் தேங்காயையும் கடைசியில் போட்டுப் பொன்னிறமானதும் இறக்குங்கள். தேங்காய் கருகினால் மொத்தமும் கசக்கும். தொடக்கத்திலிருந்து மறுபடி செய்வதே நல்லது. ஆறியபின் அம்மியிலோ மிக்ஸியிலோ நைசாக அரையுங்கள்.

அகன்ற மண்சட்டியில் எண்ணெய் காயவைத்துக் கொஞ்சம் சோம்பு, கறிவேப்பிலை தாளித்து, வெங்காயத்தையும் பூண்டையும் நிறம் மாறும்வரை வதக்கி, தக்காளி கரைந்ததும் அரைத்த விழுதும் அரைக் கப் தண்ணீரும் சேருங்கள். 12 முதல் 15 நிமிடம் மிதமான தீயில், எண்ணெய் ஓரத்தில் பிரியும்வரை. பச்சை வாசம் போவதற்குள் நண்டைப் போட்டால், மசாலா வேகும் நேரம் முழுக்க நண்டும் வேகும். மசாலா பதமாகும்போது நண்டு நாராகியிருக்கும். மசாலா முழுதாக வெந்த பிறகே நண்டு.

நண்டுத் துண்டுகளைப் போட்டு 2 நிமிடம் பிரட்டி, ஒரு கப் வெந்நீர் ஊற்றி மூடுங்கள். 12 நிமிடம், நடுவில் ஒரு முறை கிளறல். சட்டி நிறைய நண்டு அடுக்கினால் மேலே இருப்பது வேகாது. அகலச் சட்டி எடுப்பது இதற்காகத்தான். பிறகு மூடியைத் திறந்து, கிண்ணத்தில் வழித்துவைத்த மஞ்சள் ஈரலைச் சேர்த்து 4, 5 நிமிடம் சுண்டவையுங்கள். மசாலா ஓட்டில் பூசிக்கொண்டதும் அரைத் தேக்கரண்டி இடித்த மிளகு தூவி இறக்குங்கள்.

நீலக்காலில் இதையே செய்தால் மிளகாயை 6ஆகக் குறைத்து, மூடிவைக்கும் நேரம் 7 நிமிடம். குழம்பாக வேண்டுமானால் நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து, மசாலாவோடு 8 நிமிடம் கொதிக்கவிட்ட பிறகு நண்டைப் போடுங்கள்.

நண்டுக் கோலா

ஆட்டுக்கறிக் கோலா உருண்டை தெரிந்தவர்கள் நண்டிலும் அதே கணக்கில் பிடித்து, எண்ணெயில் உடைந்து சிதறுவதைப் பார்த்துக் கைவிடுகிறார்கள். அரைத்த பச்சைக் கறியின் புரதம் சூட்டில் இறுகி உருண்டையைக் கட்டிப் பிடிக்கும். நண்டுச் சதை ஏற்கனவே வெந்தது. அதன் புரதம் இறுகி முடிந்துவிட்டது. அதனால் பிடிப்பை வெளியிலிருந்து கொடுக்க வேண்டும்.

நன்றாகப் பிழிந்த சதை 200 கிராம். தண்ணீர் விடாமல் அரைக்க: தேங்காய்த் துருவல் 3 மேசைக்கரண்டி, மிளகாய் வற்றல் 4, சோம்பு 1 தேக்கரண்டி, கசகசா 1 தேக்கரண்டி, பூண்டு 4 பல். சின்ன வெங்காயம் 60 கிராமைப் பொடியாக நறுக்கி, ஈரம் போக வதக்கி ஆறவையுங்கள். பச்சையாகப் போட்டால் தண்ணீர் விட்டு உருண்டையை உடைக்கும். எல்லாவற்றையும் கலந்து, பொட்டுக்கடலை மாவு 4 மேசைக்கரண்டி, ஒரு முட்டையின் வெள்ளைக்கருவில் பாதி, கால் தேக்கரண்டி உப்பு. பிரிட்ஜில் 20 நிமிடம். மாவு அந்த நேரத்தில் ஈரத்தை இழுத்து இறுகும்.

சின்ன எலுமிச்சையைவிடச் சிறிய, 20 கிராம் உருண்டைகள். முதலில் ஒன்றை மட்டும் பொரித்துப் பாருங்கள். பிரிந்தால் இன்னும் ஒரு மேசைக்கரண்டி மாவு. எண்ணெய் மிதமான சூட்டில், ஒரு தடவைக்கு ஐந்தாறு, 3 நிமிடம். போட்ட முதல் நிமிடம் கரண்டியால் தொடாதீர்கள்.

ஓட்டு ரசமும் வயல்நண்டு ரசமும்

1 கிலோ நண்டின் ஓட்டையும் மெல்லிய கால்களையும் உரலில் ஒன்றிரண்டாக இடித்து, ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயில் 3 நிமிடம் வதக்கி, 1.2 லிட்டர் தண்ணீர் ஊற்றிச் சிறு தீயில் 25 நிமிடம். அதற்கு மேல் போனால் ஓட்டின் கசப்பு இறங்கும். துணியில் இரண்டு முறை வடிகட்டுங்கள்.

மிளகு 2 தேக்கரண்டி, சீரகம் ஒன்றரை, சோம்பு அரை, பூண்டு 8 பல், சின்ன வெங்காயம் 8 ஆகியவற்றைத் தட்டிக்கொண்டு, இரண்டு மிளகாய் வற்றல், கறிவேப்பிலையோடு தாளித்து வதக்கி, பிசைந்த தக்காளி 2, சின்ன நெல்லிக்காய் அளவு புளிக்கரைசல், மஞ்சள்தூள், உப்பு சேர்த்து 5 நிமிடம் கொதித்ததும் வடித்த சாற்றை ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கும்போது மல்லித்தழை போட்டு இறக்கலாம்.

வயல் நண்டுக்கு முறை வேறு. அரைக் கிலோ நண்டைச் சுத்தம் செய்து, பச்சையாகவே உரலில் இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் பிசைந்து பிழிந்து வடிகட்ட வேண்டும். சாறு சூடேறும்போது புரதம் திரண்டு பால் திரிந்ததுபோல மேலே மிதக்கும். கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள், சுவையே அதில்தான். வேகமாகக் கலக்காமல் விட்டால் திரளை முழுசாக நிற்கும்.

இந்தச் சாறு தளதளவென்று குறைந்தது 15 நிமிடம் கொதித்தே ஆக வேண்டும். நன்னீர் நண்டில் நுரையீரல் புழுவின் இளம்பருவம் இருக்கக்கூடும். வேகாத நண்டின் வழியே மனிதருக்கு வந்தால் காசநோய் மாதிரியே நெடுநாள் இருமலும் ரத்தமும் காட்டும். இடித்த உரல், பலகை, பிழிந்த துணி எல்லாவற்றிலும் கொதிநீர் ஊற்றிக் கழுவுங்கள். அதே பலகையில் உடனே வெள்ளரி நறுக்குவதுதான் ஆபத்து. பூச்சிமருந்து அடித்த வயலின் நண்டு வேண்டவே வேண்டாம், மருந்து கொதியில் போய்விடும் என்று எண்ண முடியாது.

மிஞ்சினால்

உதிர்த்த சதை பிரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும். ஃப்ரீசரில் வைப்பதானால் வெறும் சதையாக வைக்காமல், ஓடு வேகவைத்து வடித்த சாறு மூழ்கும் அளவு ஊற்றி 200 கிராம் பொட்டலங்களாக உறையவையுங்கள். காற்றுப் படாததால் சதை வறண்டு நாராகாது. ஒரு மாதத்துக்குள் எடுத்து, பிரிட்ஜிலேயே இளகவிட்டு, அந்தச் சாற்றை ரசத்துக்கும் சதையைக் கோலாவுக்கும் வைத்துக்கொள்ளலாம். இளகியதை மறுபடி உறையவைக்க வேண்டாம். பச்சை நண்டை முழுசாக உறையவைப்பதும் பயனில்லை. ஈரலின் நொதி குளிரில் மெதுவாக வேலை செய்துகொண்டே இருக்கும். வாங்கிய அன்றே ஆவியில் வைத்து எடுத்துவிடுங்கள், சமையல் நாளைக்கு இருக்கட்டும்.